மூன்று கிண்ணம் ஜெர்மனிக்கு, நான்காவது ஆர்கோஸுக்கு

2012இல் ஐரோப்பாவில் ஆண்கள் கழக ஹேண்ட்போலுக்கு நான்கு கிண்ணங்கள் இருந்தன. தலைமைக் கிண்ணம் சம்பியன்ஸ் லீக். அந்த வருடம் அதை எடுத்தது கீல். கப் வின்னர்ஸ் கப் ஃப்ளென்ஸ்பூர்க்குக்குப் போனது, ஈ.எச்.எஃப். (ஐரோப்பிய ஹேண்ட்போல் சம்மேளனம்) கப் கொப்பிங்கனுக்கு. மூன்றும் ஜெர்மன் கழகங்கள். ஹேண்ட்போல் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. ஜெர்மனி அந்த விளையாட்டின் வீடு, காசும் அங்கேதான். மிஞ்சியது சலஞ்ச் கப், வரிசையில் கடைசி. அதையும் ஜெர்மனி அள்ளிக்கொண்டு போயிருந்தால் நான் இதை எழுத வேண்டிய தேவை இருந்திராது. அது போனது கிரேக்கத்தின் தெற்கே, தோடம்பழத் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள ஆர்கோஸ் என்ற ஊருக்கு. சனத்தொகை சுமார் 22 ஆயிரம். கழகத்தின் பெயர் டியோமிடிஸ்.

சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் நடக்கும் கொலோன் அரங்கில் சுமார் 20 ஆயிரம் பேர் இருக்கலாம். ஆர்கோஸ் ஊரையே பூட்டிவிட்டுக் கிளம்பினால் கிட்டத்தட்ட எல்லோரையும் அதற்குள் இருத்திவிடலாம்.

கொட்டாஞ்சேனையில் இருக்கிற எனக்கும் இந்தக் கழகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். என் வேலைதான் தொடர்பு. கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கிற ஷிப் சாண்ட்லர் கம்பனி ஒன்றில் இருக்கிறேன். அரிசி, இறைச்சி, மரக்கறி, கயிறு, பெயின்ட், பல்ப், சில நேரம் ஒரு கிட்டார் கம்பி. கப்பல் எந்தக் கொடியில் வந்தாலும் சாமான் பட்டியலைப் பார்த்தே உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். உப்புக் கருவாடும் வினாகிரியும் நிறைய இருந்தால் பிலிப்பைன்ஸ் ஆட்கள். ஒலிவ் எண்ணெயும் ஃபெட்டா சீஸும் கேட்டிருந்தால் மேலே கிரேக்க அதிகாரிகள். இறக்குமதித் தடை இருந்த காலத்தில் அந்த ஃபெட்டாவைக் கொழும்பில் தேடி நான் பட்ட பாடு தனிப் பதிவுக்கு உரியது.

ஒரு நாள் மாலை இப்படியொரு கப்பலுக்குச் சாமான் ஏற்றிவிட்டு, டெலிவரி நோட்டில் கையெழுத்தும் ஸ்டாம்ப்பும் வாங்கக் காத்துக்கொண்டிருந்தேன். கப்டன் ஏஜன்ட்டோடு பேசிக்கொண்டிருந்தார், அது முடிகிற மாதிரித் தெரியவில்லை. மெஸ் ரூமில் செக்கண்ட் எஞ்சினியர் கோப்பி ஊற்றித் தந்தார். ஐம்பது வயதிருக்கும், பெரிய உருவம். அவருடைய இரண்டு கைப் பெருவிரல்களும் கோணலாக நின்றன. மெஷினில் அடிபட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு கேட்டேன். இல்லை, சின்ன வயதில் ஹேண்ட்போல் கோலியாக (கோல் காப்பாளராக) நின்றது என்றார்.

நானும் பாடசாலையில் ஹேண்ட்போல் விளையாடியவன் என்றதும் மனுசனின் முகம் மாறிவிட்டது. இலங்கையில் ஹேண்ட்போலா என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் ஆட்கள்தான் கண்ணில் படுவதில்லை என்றேன். எங்கள் பாடசாலையில் வலைப்பந்துக் கோர்ட்டில் பிள்ளைகளின் பயிற்சி முடிந்த பிறகுதான் எங்களுக்கு இடம் கிடைக்கும். வெடித்த சீமெந்துத் தரை. பாய்ந்து விழுந்தால் முழங்கால் தோல் தரையோடு போய்விடும். பந்தின் தோல் வழுக்கி வழுக்கி, மழை நாளில் அது யாருடைய பேச்சையும் கேட்காது. ஐரோப்பாவில் விரல்களில் ஒட்டுகிற ரெசின் பூசிக்கொண்டு பந்தைப் பிடிப்பார்கள் என்று எங்கள் சேர் சொன்னபோது அது ஏதோ கள்ள வேலை என்று நாங்கள் நினைத்தோம்.

இதைச் சொன்னதும் எஞ்சினியர் எழுந்து போய், நான் கொண்டுவந்த பெட்டியிலிருந்தே ஒரு தோடம்பழத்தை எடுத்தார். முதலில் அதில் ஒட்டியிருந்த எகிப்து ஸ்டிக்கரைப் பார்த்து ஒரு முறை முறைத்தார். எங்கள் ஊரில் இதை மாட்டுக்கும் போட மாட்டோம் என்றார். (ஆர்கோஸ் சமவெளி கிரேக்கத்தின் தோடம்பழ நாடு. விலை குறைவென்று எகிப்துப் பழத்தை வாங்கியது எங்கள் கம்பனி, பேச்சு வாங்கியது நான்.) பிறகு உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, விரல் நுனிகளால் மட்டும் பழத்தைக் கவ்வி, கையை வேகமாக முன்னும் பின்னும் வீசிக் காட்டினார். பழம் விழவில்லை. மணிக்கட்டை மட்டும் கடைசிக் கணத்தில் உள்ளே மடக்கினார். இப்படி மடக்கினால் பந்து தரையில் குத்திக் கோலியின் காலுக்கு வெளியால் திரும்பிப் போகும், இந்த ஒரு சுழற்சிக்காகவே எங்கள் ஊரில் பையன்கள் இருட்டும்வரை மதிலில் எறிந்துகொண்டு நிற்பார்கள் என்றார். சமையற்கட்டில் நின்ற பிலிப்பைன்ஸ் குக், பழம் எங்கே பறந்து வரப்போகிறதோ என்று ஒதுங்கி நின்றார்.

டியோமிடிஸ் கழகத்தைப் பற்றி முதலில் கேட்டது அந்த மேசையில்தான். வீட்டுக்கு வந்து தேடித் தேடி வாசித்தேன். எழுதுவது நான் சரிபார்த்தவற்றை மட்டும். எஞ்சினியர் சொன்ன மற்றக் கதைகள் கப்பல் கதைகள்.

ஹேண்ட்போல் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 40 மீற்றர் நீளம், 20 மீற்றர் அகலம். ஒரு பக்கத்துக்குக் கோலியோடு ஏழு பேர். பந்தோடு மூன்று அடிதான் வைக்கலாம், மூன்று செக்கனுக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது. கோலுக்கு முன்னால் ஆறு மீற்றர் வளைவுக்குள் கோலியைத் தவிர யாரும் கால் வைக்க முடியாது. ஆனால் கோட்டுக்கு வெளியே எழும்பி, அந்த வெளிக்கு மேலே காற்றில் இருக்கும்போது எறியலாம். விளையாட்டின் அழகெல்லாம் அந்த ஒரு கணத்தில்தான். எறிகிறவன் தரைக்கு வர முன்னர் கோலி முடிவெடுக்க வேண்டும். பந்து மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேல் வரும், கோலிக்குக் கையுறை கிடையாது. பெருவிரல் கோணாமல் வேறென்ன செய்யும்?

ஒரு பக்கம் 25, 30 கோல் விழும். 60 நிமிடம்.

சலஞ்ச் கப் போன்ற கிண்ணங்களில் முக்கியமான விஷயம், ஒரு சுற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆட்டம்: ஒன்று உன் ஊரில், ஒன்று என் ஊரில், கோல்களைக் கூட்டிப் பார்ப்பது. அதனால் தோற்கிற ஆட்டத்திலும் கடைசி நிமிடம்வரை ஒவ்வொரு கோலுக்கும் விலை உண்டு. ஆறு கோலால் தோற்கப்போகிறவன் நான்கு கோலாகக் குறைத்துக்கொள்ளத் தலைகீழாக நிற்பான். வெளியாள் பார்த்தால் பைத்தியம் என்பான். கையில் காசில்லாத கழகங்கள் சில சமயம் இரண்டு ஆட்டத்தையும் ஒரே ஊரில், ஒரே வார இறுதியில் வைத்துக்கொள்வதும் உண்டு. பயணச் செலவு மிச்சம், சொந்த ஊர்ச் சத்தம் நட்டம். கீழ்க் கிண்ணங்களில் இது சாதாரணம்.

டியோமிடிஸ் அந்தக் கிண்ணத்தின் இறுதிக்கு வந்த நேரத்தைப் பாருங்கள். 2012 மே. கிரேக்கத்தின் கடன் மார்ச்சில்தான் வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. வேலையில்லாதவர்கள் நூற்றுக்கு இருபதைத் தாண்டியிருந்தார்கள். இளைஞர்களில் பாதிக்கு மேல். மே 6 தேர்தலில் யாராலும் அரசாங்கம் அமைக்க முடியவில்லை, ஜூன் 17இல் திரும்பவும் தேர்தல். இந்த இரண்டு தேர்தலுக்கும் நடுவில், நாடு யூரோவில் இருக்குமா இல்லையா என்று உலகமே பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு சிற்றூர்க் கழகம் சுவிட்சர்லாந்தின் வாக்கர் டூனை எதிர்த்து விளையாடியது. டூன், பேர்ன் பக்கம், ஏரிக்கரையில் இருக்கும் அமைதியான பட்டணம். கடன்பட்ட நாட்டுக்கும் வங்கிகளின் நாட்டுக்கும் ஆட்டம் என்று அப்போது யாராவது நிச்சயம் பகிடி விட்டிருப்பார்கள்.

ஆர்கோஸ் வென்றது. கிரேக்கக் கழகம் ஒன்று ஹேண்ட்போலில் ஐரோப்பியக் கிண்ணம் எடுத்தது அதுதான் முதல் தடவை. ஏதென்ஸின் பெரிய கழகங்கள் எதற்கும் முதலில் இது வாய்க்கவில்லை. அதே பருவத்தில் கிரேக்க சம்பியன் பட்டமும் டியோமிடிஸுக்குத்தான்.

இதைப் படித்தபோது எனக்கு 2022 செப்டெம்பர் 11தான் நினைவுக்கு வந்தது. எரிபொருள் வரிசையில் நின்று, கியூ.ஆர். காட்டி, கேஸுக்கு அலைந்து களைத்த வருடம். அன்று ஒரே நாளில் டுபாயில் கிரிக்கெட் அணி ஆசியக் கிண்ணம் எடுத்தது, சிங்கப்பூரில் வலைப்பந்து அணியும் ஆசியச் சம்பியனானது. எங்கள் லேனில் வெடி போட்டது கிரிக்கெட்டுக்கு. தர்ஜினி சிவலிங்கம் அந்த வலைப்பந்து அணியில் விளையாடியவர்; அவருக்காக எங்கள் வீட்டில் என் அம்மா மட்டும்தான் டீ.வி. முன்னால் இருந்து கை தட்டினார். ஆர்கோஸில் அப்படிப் பிரித்துப் பார்க்கத் தேவை இருந்திராது. ஊருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்த விளையாட்டு ஹேண்ட்போல்தான்.

கழகத்தின் பெயரைச் சொல்லாமல் விட மனமில்லை. எங்கள் பக்கம் ஊர்க் கழகமென்றால் பாரதி, வள்ளுவர், இல்லாவிட்டால் யங் ஸ்டார். அவர்கள் வைத்தது இலியட் காவியத்தில் வரும் ஆர்கோஸ் அரசன் டியோமிடிஸின் பெயரை. திரோய்க்கு 80 கப்பலோடு போனவன். ஒரே நாளில் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டியையும் போர்த் தெய்வம் ஏரிஸையும் காயப்படுத்தித் துரத்தியவன். மனிதன் தெய்வத்தை அடித்துக் கலைத்த கதை. அதே காவியத்தின் கடைசிப் பக்கமாக, இறந்த பட்ரோக்லஸுக்காக நடத்தும் விளையாட்டுப் போட்டியில் தேரோட்டத்தில் முதலாவது வந்தவனும் இவனே. விளையாட்டுக் கழகத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பானா? 80 கப்பல் என்றதும் தொழில் புத்தியில் எனக்கு முதலில் தோன்றியது, அத்தனைக்கும் தண்ணீரும் மாவும் யார் சப்ளை செய்தது என்பதுதான்.

அந்த ஊருக்கு விளையாட்டும் புதிதில்லை. ஹேரா தேவியின் விழாப் போட்டிகளில் வென்றவனுக்கு ஆர்கோஸில் பழங்காலத்தில் வெண்கலக் கேடயம் கொடுத்தார்கள். மலைச் சரிவைக் குடைந்து கட்டிய அவர்களுடைய பழைய திறந்தவெளி அரங்கு இன்றும் இருக்கிறது. அதன் கொள்ளளவும் சுமார் 20 ஆயிரம் என்கிறார்கள். எத்தனை ஊர்களுக்கு, முழு ஊரும் ஒன்றாக இருந்து பார்க்கக்கூடிய மைதானம் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னமே இருந்தது?

கிண்ணத்துக்குப் பிறகு நடந்ததில் நீட்டிச் சொல்ல அதிகமில்லை. அடுத்த வருடம் கிரேக்க பட்டத்தை ஏ.இ.கே. ஏதென்ஸ் எடுத்தது. 2014இல் டியோமிடிஸ் அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு பட்டம் அந்த ஊருக்கு வரவில்லை. ஏதென்ஸிலும் பிரேயஸிலும் தெசலோனிக்கியிலும் உள்ள பெயர் பெற்ற கழகங்கள் ஹேண்ட்போலில் காசு போடத் தொடங்கினால், தோடம்பழ ஊர்கள் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும்? இங்கே கொழும்புப் பாடசாலைகளோடு மோதுகிற வெளிமாவட்ட அணிகளைக் கேட்டால் தெரியும்.

நியாயமாகச் சொன்னால், அந்தப் பெரிய கழகங்களும் சும்மா இருக்கவில்லை. ஏ.இ.கே. எனக்குப் பிடித்த கழகம் அல்ல என்று சொல்ல முடியாது. கொன்ஸ்தாந்திநோப்பிளில் இருந்து அகதிகளாக வந்தவர்கள் 1924இல் ஏதென்ஸில் தொடங்கியது அது. தாங்கள் விட்டு வந்த நகரத்தின் பெயரைக் கழகப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள், சின்னத்தில் இரட்டைத் தலைக் கழுகு. இடம்பெயர்ந்து வந்து கொழும்பில் வேர் பிடித்த வீட்டுப் பிள்ளையான எனக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெள்ளவத்தையில் எத்தனை பழைய மாணவர் சங்கங்கள் யாழ்ப்பாணப் பாடசாலைகளின் பெயரில் இயங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஏ.இ.கே. 2018இல் அதே சலஞ்ச் கப் இறுதிக்குப் போய் ருமேனியாவின் பொத்தைசா துர்டாவிடம் தோற்றது. அந்தக் கிண்ணம் பிறகு பெயர் மாறி ஐரோப்பியக் கிண்ணம் ஆனது. 2021இல் ஏ.இ.கே. சுவீடனின் யிஸ்டாட்டை வென்று அதைக் கொண்டுவந்தது. ஆர்கோஸுக்குப் பிறகு இரண்டாவது தடவை.

2024இல் மூன்றாவது வந்திருக்க வேண்டும். கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸும் ஐஸ்லாந்தின் வாலுரும் இறுதியில். ஐஸ்லாந்தில் 30–26 என்று வாலுர் வென்றது. கிரேக்கத்தில் 31–27 என்று ஒலிம்பியாகோஸ் வென்றது. கூட்டினால் 57–57. நான்கு கோல் போனது, நான்கு கோல் வந்தது. கடைசியில் ஏழு மீற்றர் எறிதல்களில் (உதைபந்தின் பெனால்டி மாதிரி) வாலுர் எடுத்துக்கொண்டது. முதல் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் கவனிக்காமல் விட்ட ஏதோ ஒரு கோல், ஒரு கிண்ணத்தின் விலை. தோற்கும்போதும் கோல் எண்ணுகிறவன் பைத்தியம் இல்லை என்று மேலே எழுதினேனே, அதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நாட்டு அணியும் இடையில் எழும்பி விழுந்தது. 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆறாவது, அடுத்த வருடம் துனிசியாவில் நடந்த உலகக் கிண்ணத்திலும் ஆறாவது. பிறகு நீண்ட வறட்சி. 2024 ஜனவரியில்தான் ஐரோப்பியச் சம்பியன்ஷிப்பில் முதன்முதலாகக் கால் வைத்தார்கள். இவ்வளவு கழகச் சரித்திரம் உள்ள நாடு இவ்வளவு பிந்தி வந்தது எனக்கு இன்னும் விளங்காத விஷயம்.

இந்தப் பதிவை எழுதத் தொடங்கும்போதே, பாடசாலை அணியில் எனக்கு முன்னால் பிவட் இடத்தில் (எதிரணித் தடுப்புக்கு நடுவில், ஆறு மீற்றர் வளைவோரம்) நின்ற நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் விஷயத்தைச் சொன்னேன். அவன் இப்போது தெஹிவளையில் ஒரு வங்கிக் கிளையில் இருக்கிறான்; ஹேண்ட்போலை விட்டுவிட்டு லிவர்பூலைப் பிடித்துக்கொண்டவன். உடனே குரல் பதிவு வந்தது.

"மச்சான், நாலாம் தரக் கப்படா அது. சம்பியன்ஸ் லீக்கில ஆடுறவன், மற்ற ரெண்டு கப்பில ஆடுறவன், எல்லாரும் போன பிறகு மிஞ்சினவங்கள் ஆடுறது. உதை வெண்டதுக்கு ஒரு போஸ்ட்டே?"

அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. அந்தக் கிண்ணத்தில் கீல் இல்லை, பார்சலோனா இல்லை. பெரிய லீக்குகளின் முன்னணிக் கழகங்கள் மேலே போய்விடுகின்றன. ஆர்கோஸ் கீலோடு விளையாடியிருந்தால் பதினைந்து கோலால் தோற்றிருக்கும் என்றுகூட ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மிஞ்சினவர்கள் என்று சொன்னானே, அந்த இடத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. இறுதியில் எதிரே நின்ற வாக்கர் டூன் இதே கிண்ணத்தை 2005இல் வென்ற கழகம். டியோமிடிஸிடம் தோற்ற அடுத்த வருடம், 2013இல், சுவிட்சர்லாந்தின் சம்பியன் யார்? அதே டூன். ஏறிக்கொண்டிருந்த அணி ஒன்றை, கீழே போய்க்கொண்டிருந்த நாட்டின் சின்ன ஊர் ஒன்று மறித்திருக்கிறது. அதையும் டைப் செய்து அனுப்பினேன், வருடங்களோடு.

இரண்டு நீலச் சரி விழுந்தது. பதில் வர அரை மணித்தியாலம் ஆனது.

"சரி சரி, எழுது. ஆனா பிவட் இல்லாம ஒரு கோலும் விழாது எண்டதையும் போடு."

போட்டாயிற்று.